அக்னியின் அண்ணன் தம்பிகள்

பரணைச் சுத்தம் செய்தபோது உன் நோட்டு அகப்பட்டது. நாம் சேர்ந்து வேலை பார்த்த அச்சகத்தில் வீணான காலண்டர் தாள்களைத் தைத்து நீயே செய்துகொண்டது. முன்பக்கம் முருகன் பாதி முகத்தோடு சிரிக்கிறார்; பின்பக்கம் உன் கிறுக்கல். சமஸ்கிருதத்தில் அக்னி, லத்தீனில் இக்னிஸ், ரஷ்யனில் ஓகோன், லிதுவேனியனில் உக்னிஸ். எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திரக் குறி போட்டு, வாயில் நுழையாத ஒரு தாய்ச் சொல்.

சிவகாசியில் புரூப் பார்ப்பவனுக்கு இது என்ன வேலை என்று எல்லோரும் கேட்டோம். அந்தத் தாய்ச் சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை, பிள்ளைகளின் மூக்கையும் தாடையையும் பார்த்து அம்மா முகத்தை ஊகிப்பதுபோல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பாய். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

இருபது வருடம் இருக்கும், அந்த நோட்டோடுதான் சாத்தூருக்கு எனக்குப் பெண் பார்க்க வந்தாய். முப்பத்து மூன்று வயதில் எனக்கு அது ஐந்தாவது வீடு. இதுவும் தட்டிப்போனால் இனிப் பெண் தேடுவதாக இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். பெண்ணின் அப்பா சிறிய பட்டாசுக் கம்பெனி முதலாளி. நெருப்புக் கதை என்றதும் காது கொடுத்துக் கேட்டார். நீ உலகத்தைச் சுற்றி முடித்ததும், நம்ம தமிழ்த் ‘தீ’யும் இந்தக் குடும்பந்தானே என்று ஆசையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன்.

“இல்லைங்க. அது வேற குடும்பம்.”

“நாடு பூரா வெடிக்கிற வெடி இங்கனதான் செய்யுதோம். நாங்க சேத்தி இல்லையா?”

நீ மறுபடியும் இல்லை என்றாய். உன்னையே முறைத்தவர், மாப்பிள்ளைக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று உன்னிடம் கேட்டார். வெடிமருந்து புழங்கும் வீட்டில் அது சாதாரணக் கேள்வியல்ல. பஸ் ஸ்டாண்டில் நான் ஊதிய இரண்டு சிகரெட்டின் வாடை போக ஏலக்காய் வாங்கித் தந்தவனே நீதான்.

“கிடையாதுங்க,” என்றாய்.

“ஒரு சொல்லுக்குக்கூடப் பொய் சொல்லாத ஆளு. நீங்க சொன்னீகன்னாச் சரிதான்.”

அன்றே தட்டு மாற்றினோம்.

சிவகாசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னாய்: “ஏலே, அந்தத் தாய்ச் சொல்லு தப்புன்னா நாளைக்குப் படிச்சவன் எவனாச்சும் திருத்துவான். நான் இன்னைக்குச் சொன்னதை நீதாம்லே திருத்தணும்.”

சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை அங்கேயே சாக்கடையில் போட்டேன். முதல் மாதம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன், உன்னிடம்தான் அதிகம்.

போன ஐப்பசியில், உன்னைத் தகனம் செய்துவிட்டுச் சுடுகாட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றபோது, யாரோ ஒரு சிகரெட்டை நீட்டினார். கை தானாகப் போனது. வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மாமனார், மருமகனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னார். சொன்னது யார் என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை நீ இன்னும் பொய்யே சொல்லாத ஆள்தான். நான் இருக்கும்வரை அப்படியே இருப்பாய்.