இங்கேயே பதிவு பண்ணியிருக்கலாம்

ஜூன் 4, 2024

கல்லூரி ஆபீசில் அட்மிஷன் கூட்டம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் பீச் ரோட்டில் எதுவாரைப் பார்த்தேன். மறுபடியும் அதே பேச்சு. "சுலோ, பாஸ்போர்ட்டுதான் பிரெஞ்சு, நான் பொறந்தது நெல்லித்தோப்புதானே? கல்யாணத்த இங்கயே பதிவு பண்ணிடலாம். அப்புறமா பிரான்சு பதிவுலயும் ஏத்திக்கலாம்."

அவருக்கு அறுபத்தொன்று. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மனைவியை இழந்தவர். எனக்கு நாற்பத்தெட்டு, இதுவரை கல்யாணமே ஆகவில்லை. இங்கே என்றால் பதிவாளர் ஆபீஸ் பலகையில் எங்கள் பெயரை ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள். ஊரே படிக்கும். நான் இருப்பது உழவர்கரையில், தம்பி ஹரிகிருஷ்ணன் வீட்டில். அவன் பெண் இனியா பிளஸ் டூ படிக்கிறாள். இந்த வயசுல அத்தைக்குக் கல்யாணமா என்று அவள் கிளாசில் சிரித்தால்?

ஜூன் 9

பிரான்சிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். லியோனில் அவர் மகள் சபின் இருக்கிறாள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. முடித்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்னால் போயிற்று.

எதுவார் சுண்டல் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "நீ வெக்கப்படற மாதிரி நான் என்னம்மா பண்ணிட்டேன்?"

உங்களால இல்ல என்றேன். அது ஒரு பதிலா?

ஜூலை 2

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பு. திருத்தி, பிரெஞ்சில் மொழிபெயர்த்து — இன்னும் ஒரு மாதம்.

ஆகஸ்ட் 20

லியோன் நகராட்சியில் கல்யாணத் தேதி வாங்க எதுவார் முன்னாடியே கிளம்பிவிட்டார். வழியனுப்ப நான் சென்னைக்குப் போகவில்லை. லீவு கேட்டால் எதுக்கு என்பார்கள்.

செப்டம்பர் 11

தேதி கிடைத்துவிட்டது, அக்டோபர் 19. கல்யாணத்துக்கு என்று விசா மனுவும் போட்டுவிட்டேன். நீலப் பட்டு ஒன்று எடுத்தேன். தம்பி மனைவி கலைவாணியிடம் கல்லூரி விழாவுக்கு என்று பொய் சொன்னேன். "கலர் உங்களுக்கு நல்லா எடுக்குது அண்ணி" என்றாள்.

செப்டம்பர் 27

போன் அடிக்கிறது. அவர் எடுக்கவில்லை. நேற்றும்.

செப்டம்பர் 28

சபின் பேசினாள். மூளையில் ரத்தக்கசிவு. உயிருக்கு ஆபத்தில்லையாம், ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கை, கால் வரவில்லை. "நீங்க வர முடியுமா?" என்று கேட்டாள். வரேம்மா, வரேன்னு சொல்லிட்டேன். எப்படிப் போறது?

அக்டோபர் 1

விசா ஏஜென்டிடம் போனேன். கல்யாணத்துக்கு என்று போட்ட மனு இனிமேல் செல்லாதாம். வேறு காரணம் எழுத வேண்டும். "மேடம், அவருக்கு நீங்க யாருன்னு போடறது?"

அவர் சொன்னப்பவே இங்க பண்ணியிருந்தா மனைவின்னு சொல்லிட்டு பிளேன் ஏறியிருப்பேனே. ஒரு மாசம் பேர ஒட்டி வெச்சா என்ன, செத்தா போயிருப்பேன்?

அக்டோபர் 3

குளியலறையில் அழுததைக் கலைவாணி கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஹரி எதிரே வந்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா மறச்ச? சொல்லியிருந்தா நானே வந்து சாட்சிக் கையெழுத்து போட்டிருப்பேனே."

இனியா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரப் பாத்துப் பயந்தேன் நான்? இவங்களயா?

அக்டோபர் 19

கல்லூரிக்குப் போய்விட்டு வந்தேன்.

நவம்பர் 30

விசா கிடைக்கவில்லை. ஹரி மறுபடி போடலாம் என்கிறான்.

ஜனவரி 12, 2025

ஞாயிற்றுக்கிழமைகளில் சபின் அவரை வீடியோவில் காட்டுகிறாள். நான் பேசுகிறேன், அவர் பார்க்கிறார். இன்றைக்கு இடது கையைத் தூக்கினார். இந்தியாவுக்கு அனுப்பவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பிப்ரவரி 8

நெல்லித்தோப்பு வாடகை வீட்டைக் காலி செய்ய சபின் வந்திருக்கிறாள். கூப்பிட்டாள், போனேன். அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள் என்று அவர் இங்கே இருந்தவரை நான் வாசல் தாண்டியதே இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

"அப்பாவுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். எதெல்லாம் எடுத்துட்டுப் போறது, சொல்லுங்க" என்றாள். அவருடைய சட்டைகளை மட்டும் எடுத்து வைத்தேன். அவைதான் எனக்குத் தெரிந்தவை.

மத்தியானம் களைத்துப் போய், "காபி போடலாமா? தூள் எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

தெரியாதும்மா என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கமாக அலமாரிகளைத் திறந்து தேடினோம்.