பத்துமணிப்பூ விதை

திருவல்லிக்கேணி
21-2-1930

அக்காவுக்கு,

சட்டத்துக்குப் பயந்து உன் எட்டு வயதுக் குழந்தைக்குத் தாலி கட்டிவைக்கப் போகிறீர்கள். ஏப்ரல் முதல் தேதி சாரதா சட்டம் வருகிறது. பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் குற்றம். அதற்குள் முடித்துவிட அத்திம்பேர் பறக்கிறார். நீ பட்சணத்துக்கு மாவு இடிக்கிறாய்.

நான் வந்தால், குடுமி எடுத்தவன் என்று வாசலோடு திருப்பிவிடுவார். குழந்தை சூடாமணியை இங்கே அனுப்பு. ஏப்ரல் பிறந்ததும் கொண்டுவந்து விடுகிறேன். காரணம் கேட்டால், என் மனைவி பத்துமணிப்பூ விதை கேட்டாள், விதை சேர்த்த குழந்தையே வந்து தூவிக் கொடுக்கட்டும் என்று சொல்.

ஹயக்ரீவன்


சின்ன காஞ்சிபுரம்
சுக்கில வருஷம், மாசி 17

சிரஞ்சீவி ஹயக்ரீவனுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதுகிறாயே, "அக்கா, சௌக்கியமா" என்று ஒரு வார்த்தை உண்டா? எனக்கும் எட்டு வயதில்தான் கல்யாணம். செத்தா போனேன்? பதினாலு வரை பெண்ணை வைத்திருந்தால் உன் அத்திம்பேரைக் கோயிலில் யார் சேர்ப்பார்கள்?

புடவைக்குச் சொல்லப் போனேன். பிள்ளையார்பாளையத்துப் பஞ்சாட்சர முதலியார், "உங்களுக்கு மட்டுமாம்மா? தெருவே சின்னப் பொடவைதான் நெய்ஞ்சிக்கினு இருக்குது. எல்லாம் ஏப்ரலுக்குள்ள வோணுமாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தந்த பட்டு நூல் துண்டெல்லாம் குழந்தையிடம். மத்தியானம் பூ வாடிவிட்டால் எந்தச் செடி சிவப்பு, எது மஞ்சள் என்று தெரியாதாம். அதனால் பூத்திருக்கும்போதே அதே நிற நூலைக் காம்பில் கட்டிவிடுகிறாள். காய் முற்றினால் சிமிழ் மாதிரி மூடி கழன்று, விதை கறுப்பு மணலாய்க் கொட்டிவிடும். உள்ளங்கையை ஏந்திக்கொண்டு தொட்டியடியிலேயே கிடக்கிறாள். நேற்று அவசரத்தில் ஒரு பச்சைக் காயைக் கிள்ளிவிட்டாள். உள்ளே எல்லாம் வெள்ளை. "அம்மா, இது முளைக்காதே!" என்று ஒரே அழுகை. அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை.

முகூர்த்தம் பங்குனி பத்து. அனுப்பப் பார்க்கிறேன். அத்திம்பேருக்கு ஒன்றும் எழுதிவிடாதே.

வரலக்ஷ்மி


சின்ன காஞ்சிபுரம்
பங்குனி 5

சிரஞ்சீவி ஹயக்ரீவனுக்கு ஆசீர்வாதம்.

இத்துடன் மூன்று பொட்டலம் விதை. மேலே கட்டிய நூல்தான் பூவின் நிறம். மண் போட்டு மூடாமல் தூவச் சொல்.

குழந்தையை அனுப்ப முடியவில்லை. இரண்டு தரம் அவளை ரயிலடிவரை கூட்டிப்போய்த் திரும்பிவிட்டேன். நீ காகிதத்திலேயே கோபித்துக்கொள்கிறாய். ஒரு தடவை வந்திருக்கலாம்.

வரலக்ஷ்மி


சத்திரம், காஞ்சிபுரம்
22-3-1930

அக்கா,

நீ சொன்னது சரி. வந்துவிட்டேன்.

காலையில் அத்திம்பேர் கோயிலுக்குப் போனதும் கொல்லைக் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றாள் சூடாமணி. "மாமாடி" என்றேன். "அம்மா, மாமா வந்திருக்கா!" என்று கத்தினாள். கதவு திறக்கவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்றது நீதான். உன் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா?

உன்மேல் கோபம் இல்லை. உன் கல்யாணத்தின்போது நான் பிறக்கவில்லை. உனக்காக யாரும் வந்து தட்டவில்லை.

கல்யாணப் புடவையோடு இதையும் முதலியார் உன் கையில் கொடுப்பார். முகூர்த்தம் நாளைக்கு. இன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் குழந்தையைக் கூட்டிப்போக மறுபடி வருவேன்.

கதவைத் திற.

ஹயக்ரீவன்