உருண்டையில் ஒட்டிய உறை எந்தச் செடியினுடையது?

அனுப்புநர்
சாந்திமதி,
க/பெ. (காலஞ்சென்ற) ஸ்ரீசந்திரன்,
திண்டிவனம்.

பெறுநர்
உயர்திரு உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: தின்பண்டம் சுற்றும் தாவர உறை எதனால் ஆனது என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டிலேயே மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை பிடித்து விற்றுப் பிழைக்கிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். எங்கள் வீட்டில் கிழங்கு அடுப்பேறாது. சனவரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததும் விட்டுவிட்டேன். வாழையிலையில் உருண்டை நமுத்துப்போகிறது, காகிதத்தில் எண்ணெய் ஊறுகிறது. கடைத்தெருவில் கண்ணாடி போன்ற மெல்லிய உறை கிடைத்தது. "முழுக்கத் தாவரம், தின்றாலும் கேடில்லை" என்று கட்டின் மேல் அச்சடித்திருந்ததால் பூரித்துப்போய் வாங்கினேன்.

2. என்னோடு இருக்கும் மூத்த நாத்தனார் ஜினமதி, இம்மாதம் பத்து நாள் தசலட்சண நோன்பு இருந்து, அதை முடிக்கும் பாரணைக்கு முதல் வாயாக என் உருண்டையைத்தான் எடுத்தார். பாகு ஆறுமுன் சுற்றியதால் உறை ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கப்போனவரை, "உரிக்காதீங்க அண்ணி, இதையும் சாப்புடலாமாம்" என்று நான்தான் தடுத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

3. அடுத்த கட்டு வாங்கப் போனபோது, எந்தச் செடி என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "மரவள்ளியா இருக்கும், இல்லாட்டி மக்காச்சோளம். ரெண்டுலயும் வருதும்மா" என்றார் கடைக்காரர். கிழங்கு எங்களுக்கு ஆகாது என்றதற்கு, "அப்ப மல்லாட்டை இன்னா மரத்துலயா தொங்குது?" என்று சிரித்தார். மல்லாட்டை காய்ந்த விதை, கிழங்கோ எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பது என்பது எங்கள் நம்பிக்கை. இதை நடுத்தெருவில் நின்று எப்படி விளக்குவேன்?

4. நாத்தனாரிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நீ தெரிஞ்சா குடுத்த? உடு சாந்தி" என்றார். அன்றிலிருந்து கழுவாயாக ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். சர்க்கரை நோயாளி, ஒருமுறை மயங்கி விழுந்தும் விட்டார். சாப்பிடச் சொன்னால், "சோளம்னு தெரிஞ்சா இந்தக் கஞ்சியை இப்பவே நிறுத்திடுறேன். கெழங்குன்னா மடத்துச் சாமிகிட்ட கேட்டு, அதுக்கு உண்டானதைச் செஞ்சு முடிக்கிறேன். எதுன்னே தெரியாம எப்படி முடிக்கிறது?" என்கிறார்.

5. உறைக் கட்டின் மேல் உள்ள எண்ணுக்குப் போன் செய்து அலுத்துவிட்டேன், யாரும் எடுப்பதில்லை. தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில், பிளாஸ்டிக்கா இல்லையா என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றார்கள். அது எனக்கே தெரியும், ஐயா.

எனவே, இத்துடன் இணைத்துள்ள உறையைப் பரிசோதித்து அது எந்தச் செடி என்று தெரிவிக்கவும், இனி இத்தகைய உறைகளில் செடியின் பெயரை அச்சிட உத்தரவிடவும் வேண்டுகிறேன். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. சோளம் என்று வந்தால் அன்றே அவருக்குச் சோறு வடிப்பேன். கிழங்கு என்றாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும் என்று எழுதுவதுதான் மரியாதை. உள்ளே அவர் படுத்திருக்கிறார், அப்படி எழுதக் கை வரவில்லை.

இடம்: திண்டிவனம்
நாள்: 30.09.2019

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சாந்திமதி

இணைப்பு: பயன்படுத்தாத உறை