கடற்கரைக்குப் போகும் கடகம்

மனைவி சண்முகத்தாய் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று குமாஸ்தா வன்னியபெருமாள் அவளுக்கு ஒரு கடிதத்தை அவசரமாக எழுதினார். சீமைக்கே திரும்பிவிட்ட கம்பெனி துரை, இவர்களிடம் விட்டுப்போன நாயைப் பற்றி முந்தின நாள் தந்தி அடித்திருந்தார். ஜிம்மியை விமானத்தில் அனுப்ப வேண்டாம், வேறு யாரும் வளர்க்கவும் வேண்டாம், ஊசி போட்டு முடித்துவிடு.

"சண்முகத்தாய்க்கு. சாவி மாடக்குழியில இருக்கு. ஜிம்மிக்கு அவிச்ச சாளை மீனைப் பூனைக்குப் போட்டிரு. நாமளே வளர்க்கோம்னு துரைக்கு எழுதச் சொன்னே. எனக்குத் தைரியம் வரலை. ஊசி போட்டாச்சுன்னு டாக்டர் தர்ற சீட்டை இன்னைக்கே ஆபீசில காட்டணும். பிளேனுக்குச் செஞ்ச மரப்பெட்டி முற்றத்தில கெடக்கு. உள்ள நின்னு திரும்ப இடம் பத்தாதுன்னு நீ சண்டை போட்டு, ரெண்டாவது தடவை பெருசா செய்யவச்ச பெட்டி. விறகுக்கு உடைச்சிரு. நான் வரும்போது என் கண்ணுல படவேண்டாம்."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்: "கடகத்திலதான் கொண்டுபோறேன். பெட்டியில வச்சா பயந்து ஊளையிடுது."

சாயங்காலந்தோறும் ஜிம்மியை வைத்து, சைக்கிளில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பனையோலைக் கடகம் அது. அவர் அதைக் கையில் எடுத்ததுமே ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, தானாகவே ஏறி உட்கார்ந்தது.