நீ மாட்டிய புல்லி

786

பேகம்பூர், திண்டுக்கல்
27-10-1961

என் மகன் சௌகத் அலிக்கு அத்தா கிதர் முகம்மது ஸலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நான் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன், மலாயா ஈப்போவில் நீயும் உன் பஸ் கம்பெனி வேலையும் நலமாக இருக்க வேண்டும். நத்தத்தில் உன் அக்கா நர்கீஸும் பிள்ளைகளும் சுகம். நீ மாசம் தவறாமல் அவளுக்குக் கடிதம் போடுகிறாய், அவள் இங்கே வரும்போது கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறாள், கடைசியில் “அத்தா சொகமான்னு கேட்டிருக்கான்” என்று சொல்லி மடித்துவிடுகிறாள். அந்த வரியை நீதான் எழுதுகிறாயா, அவளாகச் சேர்த்துச் சொல்கிறாளா என்று இந்த மூன்று வருஷத்தில் நான் காகிதத்தை வாங்கிப் பார்த்ததில்லை. சோறு நானே ஆக்கிக்கொள்கிறேன். ஒரு ஆளுக்கு உலை வைக்கும் அளவு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, எப்போதும் கூடிப்போகிறது, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அதையே ஊறுகாயோடு சாப்பிட்டுவிடுகிறேன்.

நம் டிராக்டர் விஷயம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. இஞ்சின் முன்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்து, ஐப்பசி மழைக்குள் செம்பட்டி அழகர்சாமி காட்டை உழுது கொடுப்பதாகச் சொன்ன வாக்கு நின்றுபோயிற்று. ஆயில் சீல் மாற்ற வேண்டுமென்றால் முன்னால் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியைக் கழற்றியாக வேண்டும், கடைசியாக நீ மாட்டின அதே புல்லி. பேட்டரி செத்ததிலிருந்து நான் தினம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்கிறேன், சுற்றச் சுற்ற புல்லியைப் பிடித்திருக்கும் முன் நட்டு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்பேனரைப் போட்டு எதிர்ப்பக்கம் இழுத்தால் இஞ்சினே கூடச் சுற்றுகிறது. கியரில் போட்டு ஒருத்தர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும், ஒருத்தர் நட்டைத் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் மிதிக்க நீ இருந்தாய். என் வாய்க்கு வேலைக்காரன் ஒருத்தனும் நிற்பதில்லை என்று உனக்குத் தெரியும். பிரேக் மேல் கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், அது உருண்டு என் கால் பெருவிரலில் விழுந்தது. நான்கு நாள் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எதிர் லேத் பட்டறை மிக்கேல்ராஜைப் போய்க் கூப்பிட்டேன். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து ஏறி உட்கார்ந்தார். “செத்த நேரம் மிதிக்கதுக்கு நாலு நாளா கூப்பிடாம இருந்தீகளாக்கும், பாய்?” என்றார்.

நட்டு வந்துவிட்டது, புல்லி வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன், அசையவில்லை. மிக்கேல்ராஜ் வேண்டாம் வேண்டாம் என்கிறார், நான் ஆத்திரத்தில் சுத்தியலால் போட்டேன், வார்ப்பிரும்பு கேட்குமா, விளிம்பில் விரல்நகம் அளவு தெறித்துவிட்டது. பிறகுதான் அவர் கரியைச் சுரண்டிப் பார்த்து, புல்லி முகத்தில் இரண்டு போல்ட் ஓட்டை இருக்கிறது, துணியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார். துணியைப் பிடுங்கினால் உள்ளே கிரீஸ், துரு இல்லாமல் மரை பளிச்சென்று இருக்கிறது. பிற்பாடு கழற்றப்போகிறவன் கஷ்டப்படக் கூடாதென்று நீ அடைத்து வைத்தது. அதில் இரண்டு போல்ட்டைப் போட்டுத் தகடு வைத்து இழுத்ததும் பேசாமல் வந்துவிட்டது.

உள்ளே கீ இருந்தது. தண்டுக்கும் புல்லிக்கும் நடுவே, புல்லி நழுவாமல் பிடிக்க நீ வைத்த அரைவட்ட இரும்புக் கீ, உன் அரத்தின் கோடு அழியாமல், ஒரு நூல் ஆட்டமில்லாமல் இருந்தது. கீ வைக்காமல் மாட்டிவிட்டாய், அதனால்தான் இஞ்சின் தட்டுகிறது என்று அழகர்சாமி காட்டில் அத்தனை பேர் பார்க்க உன்னைக் கைநீட்டி அடித்தேனே, அந்தக் கீ. நீ வைத்தேன் வைத்தேன் என்றாய். உன் அம்மா சைனம்பு அப்போது உயிரோடு இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பாள். அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது தெரியுமா, தண்ணீர் பம்பிலிருந்து, இப்போதுதான் அதைக் கழற்றிப் பார்த்தேன். அதே வாரம் அதன் பேரிங் லூஸாக இருக்கிறதென்று டால்டா டின் தகரத்தை நறுக்கிச் சொருகினது நான்தான். அன்றைக்கே புல்லியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். கீ உள்ளே இருந்துவிட்டால் என்ன செய்வதென்றுதான் மூன்று வருஷமாகக் கழற்றவில்லை, இதை உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

ஆயில் சீலை மாற்றி, பம்பைச் சரிசெய்து, மிக்கேல்ராஜை மறுபடி பிரேக்கில் உட்காரவைத்துப் புல்லியை மாட்டி, செம்பட்டிக்கு ஓட்டிப்போனேன். தட்டல் இல்லை. வழியெல்லாம் காதுக்கு வெறிச்சென்று இருந்தது. அழகர்சாமியிடம், என் மகன் மேல் தப்பில்லை, தகரம் வைத்தது நான் என்று சொன்னேன். அவர் ஏரைப் பார்த்துக்கொண்டே, “அத ஒங்க மகன்கிட்டயில்ல சொல்லணும், பாய்” என்றார். அதனால் சொல்கிறேன். தப்பு என்னுடையது, உன்னை அடித்தது தப்பு, நீ போகும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது அதைவிடத் தப்பு.

ஈப்போவுக்குத் திரும்பும் மைதீன் பிச்சை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். துணியில் முடிந்திருப்பது அந்தக் கீ. நான் புதிதாக ஒன்று ராவிப் போட்டுக்கொண்டேன், இது உன்னிடம் இருக்கட்டும். பஸ்ஸுக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதே, மரக்கட்டை கொடுத்துக்கொள். ஜும்மாவை விடாதே, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கொடுக்கட்டும், எந்நேரமும் அதுதான் என் துஆ.

பதில் எழுத மனசு வந்தால் இந்தத் தடவை நத்தத்துக்குப் போடாதே, எனக்குப் போடு. வீட்டு விலாசம் அதேதான்.

உன் அத்தா
கிதர் முகம்மது