அடியில் தங்கிய முட்டைகள்

3.3.2025, திங்கள்
நசரத்பேட்டை மீட்பு மையத்திலிருந்து மீன்பிடிப் பூனையின் மலம் சோதனைக்கு வந்தது. அழிந்துவரும் இனம். அங்கே இருந்த இரண்டில் ஒன்று போன மாதம் இருமி இருமியே செத்தது. மிச்சமிருப்பதும் இப்போது இருமுகிறதாம்.

உப்புக் கரைசலில் எதுவும் மிதக்கவில்லை. கனமான புழு முட்டையாக இருந்தால் அடியில்தானே தங்கும்? முதல் பூனை செத்த பிறகு புத்தகத்தில் படித்தேன். வெறும் தண்ணீரில் கலக்கி வண்டலைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

லேப் முதலாளி உலகநாதன் விடவில்லை. “இன்னாம்மா, பூனைக்குப் போயி இவ்ளோ ஆராய்ச்சி? மேல ஒண்ணும் இல்ல, இல்லன்னு எழுதிட்டுப் போவியா!”

நான் கையெழுத்துப் போடவில்லை. அவரே போட்டு அனுப்பிவிட்டார். என்ன மனுஷன் இவர்?

5.3.2025
சாப்பாட்டு நேரத்தில், மீந்திருந்த மலத்தில் வண்டலைப் பார்த்துவிட்டேன். பொன்னிற முட்டை, ஒரு முனையில் மூடி. நுரையீரல் புழு! வேகாத நண்டு தின்றால் வருவது. இதற்கு மாத்திரை இருக்கிறது. மையத்திலோ சளி என்று ஊசி குத்திக்கொண்டிருக்கிறார்கள்!

6.3.2025
லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். மையத்து டாக்டர் முட்டையின் படத்தைப் பார்த்ததும் மாத்திரையை ஆரம்பித்தார். அத்தோடு திரும்பியிருக்கலாம். பூனையைப் பார்த்துக்கொள்ளும் பச்சையப்பனிடம் கத்தினேன் - உயிர் நண்டை யார் போடச் சொன்னது?

“கால்வாயில நானே புடிச்சாந்து போடறேம்மா, அதுக்கு நண்டுன்னா உசுரு. நண்டு ஆவுமான்னு பயந்துதான் ஜனவரிலயே டெஸ்ட்டுக்கு அனுப்புனோம். ஒண்ணியும் இல்லன்னு வந்துச்சே?”

பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். செத்துப்போன பூனையின் ரிப்போர்ட். உப்புக் கரைசல் முறை. முட்டை இல்லை. கீழே, ஹில்டா.

என் கையெழுத்து. நாய் மலத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்திருக்கிறேன். உலகநாதன் அன்று பக்கத்தில்கூட இல்லை.

7.3.2025
பச்சையப்பன் என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

17.3.2025, திங்கள்
ஜனவரிப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘வண்டல் பார்க்கப்படவில்லை. தவறு என்னுடையது.’ உலகநாதன் பார்த்துவிட்டு, “வேலை வோணுமா வேணாமா உனக்கு?” என்றார். வேண்டும் என்றேன். அழிக்கவில்லை.

மாலையில் கொரட்டூரில் ரயிலை விட்டு இறங்கும்போது பச்சையப்பன் போன் செய்தார். பூனைக்கு மூன்று நாளாக இருமல் இல்லையாம். வேகவைத்த நண்டை மட்டும் மோந்துகூடப் பார்ப்பதில்லையாம்.

“எங்க மேல செம கோவமா கீதும்மா.”

இருக்கட்டும். கோபப்பட அதற்குத்தான் தகுதி இருக்கிறது.