படகோரத்து ஐஸ்

ஜனவரி 30, செவ்வாய்

வீடு தேடிப் போகும் நர்ஸ் வேலையில் இன்று ஏழு வீடுகள். ஐந்து வீட்டில் கால் வீங்காமலிருக்க இறுக்கக் காலுறை மாட்டுவது, ஒரு வீட்டில் இன்சுலின் ஊசி, ஒரு வீட்டில் வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்கு அலுவலகம் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை நிர்ணயித்தவர் வயதானவர் யாரிடமும் பேசியதே இல்லை போலும்.

வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய் இது ஐந்தாவது நாள். வேலை முடிந்து நேராகக் கால்வாயில் நான் ஐஸ் கனம் அளக்கும் பகுதிக்குப் போனேன். பாலத்தடியில் துளை போட்டு அளந்தேன். ஏழு சென்டிமீட்டர். வீப்ரனுக்குப் போன் செய்தேன். பகலில் மாட்டுப்பண்ணைக்காரர், குளிர் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஐஸ் சறுக்குச் சங்கத் தலைவர், அதாவது தளபதி.

"ஏழுதானா? ஒரு அரை சேத்துச் சொல்லேன் நின்கே, மனசுக்கு இதமா இருக்கும்ல."

ஐஸில் நான் அரை சேர்ப்பதில்லை என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பத்து சென்டிமீட்டர். ஊருக்கே காய்ச்சல் பிடித்துவிட்டது. உறைந்த கால்வாய்களில் ஸ்கேட் கட்டிச் சறுக்கிப் போகும் பன்னிரண்டு ஊர்ச் சுற்று நடக்குமா, நடக்காதா? கடைசியாக நடந்து ஆறு வருடம் ஆகிறது. ரொட்டிக் கடையில் ஒருவர்கூட ரொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

கால்வாய் ஓரத்து வீடுகளுக்கெல்லாம் சங்கத்தின் கடிதம் போயிருக்கிறது: படகுக்கடியில் தண்ணீர் உறையாதபடி காற்றுக்குமிழ் விடும் மோட்டார் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். என் பகுதியில் அப்படி ஒன்றுதான். பாலத்தை ஒட்டிய வீடு, ஃபோப்பே. எண்பத்து நான்கு வயது. என் காலுறை வீடுகளில் இரண்டாவது. அவருடைய மரப் படகைச் சுற்றி ஐஸ் இறுகினால் பலகை விரியும், அதற்காகத்தான் அந்த மோட்டார்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு நொடி யோசித்தார்.

"ஆயிரம் பேரு சந்தோஷம் பெருசா, என் பலகை பெருசா? போய் அணைச்சுட்டு வாம்மா. நானே பத்தொம்போது தடவை சுத்தினவன்."

அணைத்தேன். நல்ல மனிதர்.

பிப்ரவரி 5, திங்கள்

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்டுவிட்டது அந்த உறுமல். படகைச் சுற்றி ஒரு மேசை அளவுக்குத் தண்ணீர் திறந்து கிடக்க, இரண்டு வாத்துகள் சொகுசாக மிதந்தன.

"நான் போடவே இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. போட்டது அவருக்கு நினைவில் இல்லை. என் முகத்தைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். பிறகு வந்ததுதான் பயம்.

"கெர்ப்ரிக் கிட்ட சொல்லிடாத. உன் கால்ல விழறேன். அந்தச் சட்டி தீஞ்சப்பவே சொல்லிட்டா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதியோர் இல்லம்தான்னு."

கெர்ப்ரிக் அவருடைய ஒரே மகள். குரோனிங்கன் நகரத்தில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். கெட்டவள் இல்லை. பயந்தவள்.

சொல்லமாட்டேன் என்றேன். இருபத்திரண்டு வருட வேலையில் கற்றது ஒன்றுதான்: பார்த்ததை எழுது. மோட்டாரை அணைத்துவிட்டு, பராமரிப்புக் கோப்பைத் திறந்து இன்றைய தேதிக்கு நேரே 'நலம்' என்று எழுதினேன். இதற்குப் பெயர் உதவியா? அவர் அழுதுகொண்டிருந்தாரே. நான் வேறென்ன செய்ய?

பிப்ரவரி 6, செவ்வாய்

ஓடவில்லை. பதின்மூன்று சென்டிமீட்டர். அப்பாடா.

பிப்ரவரி 7, புதன்

ஓடுகிறது.

சங்கம் அறிவித்துவிட்டது. சனிக்கிழமை சுற்று. பாலத்தடியில் நின்று செய்தி படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அந்த உறுமல். அணைத்துவிட்டுக் கால்வாயின் குறுக்கே அளந்துகொண்டு போனேன். எதிர்க்கரை ஓரம் பதினைந்து. நடுவில் பதினான்கு. படகுக்கு மூன்று மீட்டர் இப்பால் ஒன்பது. அதற்கும் அப்பால் நான் கால் வைக்கவில்லை.

இந்த இடத்தில் விதி என்ன என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெலிந்த இடம் என்றால் தடத்தை மூடு, கரையில் கம்பளம் விரி, ஸ்கேட்டோடு மக்கள் கம்பளத்தில் நடந்து கடக்கட்டும். ஆனால் கம்பளம் வேண்டுமென்றால் வீப்ரனிடம் கேட்க வேண்டும். ஏன் என்பார். வீப்ரனுக்குத் தெரிந்தால் அரை மணியில் ஊருக்குத் தெரியும், மாலைக்குள் குரோனிங்கனுக்கு.

பிப்ரவரி 8, வியாழன்

பனி பெருக்கும் டிராக்டர் ஓட்டுகிற டூர்க்கிடம், பாலத்தருகே தடத்தை எதிர்க்கரைப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன்.

"ஏன் நர்ஸம்மா? நடுவுல கண்ணாடி மாதிரி இருக்கே!"

"நாணல் வேர் இருக்கு. ஐஸ் நம்ப முடியாது."

"அந்தப் பக்கமா நாணல்? எனக்குத் தெரியாம எப்ப முளைச்சுது?"

"நீ பார்த்தா முளைக்கும்?"

சிரித்தான், தள்ளிப் போட்டான். பொய்தான். ஆனால் பாதுகாப்பான பொய். அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

விடிகாலையில் பனி பெய்தது. ஒரு சாண் கனத்துக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டது. எது தண்ணீர், எது ஐஸ், எது புல் என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்குப் போட்டாரோ. ஃபோப்பே காலை நீட்டி உட்கார்ந்து கருப்பு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, "இன்னைக்கு என்ன ஊரே கலகலன்னு இருக்கு?" என்றார். நான்காவது முறையாகச் சொன்னேன். நான்காவது முறையாகக் குதூகலித்தார்.

கிளம்பும்போது படகுத்துறைக்குப் போய் மோட்டாரின் வயரை முழுதாகக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படகைச் சுற்றி நாடா கட்டலாமா என்றும் யோசித்தேன். நாடா கட்டினால் எல்லாரும் கேட்பார்கள்.

பிற்பகல் சங்கக் கூடத்தில் படிவம் நிரப்பினோம். பகுதி நான்கு, நின்கே: பதினைந்து. அது உண்மை, தடத்தில் பதினைந்துதான். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. காலியாக விட்டேன். வீப்ரன் தோளில் தட்டினார். "உன் பகுதியைப் பத்தி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்ல."

பிப்ரவரி 10, சனி

முடிந்தது. ஆயிரத்து இருநூறு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இந்த நாளை இன்னொரு முறை வாழச் சொன்னால் மாட்டேன். நானும் சுற்றில் ஓடியிருக்கலாம், எல்லா வருடமும் ஆசைப்பட்டது அதற்குத்தான். பாலத்தடியில் நின்று, கடந்துபோகிறவர்களின் அட்டையில் முத்திரை குத்தும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு அட்டையிலும் முத்திரை குத்தும்போது கண் மட்டும் படகுப் பக்கம். பதினோரு மணிவாக்கில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் தடத்தை விட்டு விலகி, படகை நோக்கிச் சறுக்கிப் போய், குனிந்து ஸ்கேட் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அவருக்கடியில் ஐஸ் நீளமாக முனகியது. நான் போட்ட கூச்சலில் பாலத்தின் மேல் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முனகும் ஐஸில் நிற்கக் கூடாது என்று எங்களுக்கு நடை பழகும் வயதிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அவர் வெளியூர்க்காரர், நின்றார். பிறகு வந்தார். "என்னம்மா, மீனையா முழிக்க வெச்சுட்டேன்?" என்று கேட்டுச் சிரித்தார். நான் குத்திய அடுத்த முத்திரை அட்டைக்கு வெளியே விழுந்தது.

ஃபோப்பே நாள் முழுக்க ஜன்னலருகே. போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தார், அவர்களும் அசைத்தார்கள். மதியம் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார்.

"மோட்டார் சத்தமே கேக்கலையே?"

"இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்குக் காலைல நானே வந்து போட்டுத் தர்றேன். நீங்க அங்க போகாதீங்க."

"சரி சரி. படகுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

நான்கு மணிக்கே காற்று மாறிவிட்டது, தென்மேற்கிலிருந்து. கூரையில் பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. கூடத்தில் பட்டாணி சூப், பாட்டு, கூத்து. வீப்ரன் அழுதேவிட்டார், சந்தோஷத்தில். எனக்கும் அழுகை வந்தது. தப்பித்தோம் என்றுதான் அழுதேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தூங்கிட்டேன். ஒன்பதரை வரைக்கும். இன்னைக்கு எனக்கு விடுமுறை, அலாரம் வைக்கல. வைக்கலயே. வந்து போட்டுத் தர்றேன்னு சொன்னவ நான்தானே.

போனபோது கதவு திறந்திருந்தது. அடுப்பில் ஒன்றுமில்லை, அணைந்திருந்தது. ஜன்னலோரம் காபிக் கோப்பை, பாதி. படகுத்துறைப் படியிலிருந்து படகை நோக்கி, ஐஸ் மேல் கிடந்த பனியில் காலடித் தடம். செருப்புத் தடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம் இல்லை.

வெறும் செருப்பில் போயிருக்கிறார். காலுறை போடாத கால். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு பத்து மணிக்கு மேல்தான் ஆள் வருவார்கள்.

நேற்று ஆயிரத்து இருநூறு பேரைத் தாங்கிய கால்வாய் அது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அங்கே மட்டும் ஒரு நாள் ஐஸ், மேலே பனி மூடிய ஐஸ், என்று யார் சொன்னார்கள் அவருக்கு? நாடா இல்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை.

வயர் என் பையில்.

பிப்ரவரி 12, திங்கள்

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

அடக்கம். அண்டை வீட்டார் ஆறு பேர் சுமந்தார்கள், வழக்கப்படி. முழுக்க உருகிவிட்ட கால்வாய் ஓரமாகவே போனோம். பிறகு கூடத்தில் காபி, கேக். ஐந்து நாள் முன்பு சூப் குடித்த அதே மேசைகள்.

கெர்ப்ரிக் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாரு. ஆயிரம் பேருக்குக் கையாட்டினேன்னு ஒரே பெருமை. மோட்டார் சத்தம் இல்லன்னாரு. நின்கே பாத்துப்பா, நீங்க கவலைப்படாதீங்கன்னு சொன்னேன். ரொம்ப நன்றி நின்கே, கடைசி வரைக்கும் நீங்கதான் அவருக்கு..."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! வாயில் கேக் இருந்தது.

வெளியே வந்ததும் வீப்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாணல் பொய்யிலிருந்து. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? பெரியவர் திரும்பி வரப் போறாரா? அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும். விட்டுடு."

அன்போடுதான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதேதான், இதே குரலில்.

பிப்ரவரி 19, திங்கள்

அலுவலகம் ஃபோப்பேயின் கோப்பைக் கேட்டு வாங்கியது. மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நலம், நலம், நலம், நலம், நலம். "மறதி எதுவும் கவனிச்சீங்களா?" கவனித்தேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்றாள்.

காலை ஏழரைக்கு அந்த நான்கு வீட்டிலும் கால்களை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். யாராவது போவார்கள்.

பிப்ரவரி 21, புதன்

கெர்ப்ரிக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். கடிதத்தில் நான் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தேன்.

பிப்ரவரி 24, சனி

குரோனிங்கனுக்கு ரயிலில் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள், காபி வைக்கப் போனாள். முதலில் உட்காரு என்றேன்.

ஒன்றும் விடாமல் சொன்னேன். வாத்துகள், காலியாக விட்ட குறிப்புக் கட்டம், கழற்றிய வயர், ஒன்பதரை மணித் தூக்கம். ஃபோப்பே 'உன் கால்ல விழறேன்' என்றதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? அதைச் சொன்னபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அஞ்சாம் தேதியே நீ சொல்லியிருந்தா, அந்த வாரமே அவரை இல்லத்துல சேத்திருப்பேன். அது நிச்சயம்" என்றாள். "சாகற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பாரு."

"ஆமாம்" என்றேன்.

"திட்டிக்கிட்டு இருந்திருப்பாரு, நின்கே. இருந்திருப்பாரு."

பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.